என் காலும் என் சந்தேகமும்

எழுபதுகளில், எனக்கு நாற்பத்தாறு வயதாகும்போது, மீனாட்சிபுரத்தில் நாலு எருமையும் கொஞ்சம் கடலைக்காடும் வைத்திருந்தேன். ஒரு நாள் எருமைகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். வலது கால் பெருவிரலுக்கு அடியில் முள் ஒன்று முழுசாக ஏறியிருந்ததை என் மனைவிதான் பார்த்தாள். பிடுங்கியபோதும் எனக்கு வலிக்கவில்லை.

வலிக்காததால் விட்டுவிட்டேன். மூன்று வாரத்தில் அந்த இடம் குழிவிழுந்து சீழ் வைத்தது. எத்தனை துணி சுற்றினாலும் நாற்றம் அடங்கவில்லை. டீக்கடையில் எனக்கு மட்டும் ஓரத்தில் இருந்த கிளாஸில் ஊற்றினார்கள். பக்கத்து வீடுகளில் எங்களிடம் பால் வாங்குவதை நிறுத்தினார்கள். யாரும் காரணம் சொல்லவில்லை. உணர்ச்சி செத்த கால், ஆறாத புண் என்றால் எங்கள் பக்கம் பெருவியாதி, அதாவது குஷ்டம் என்றுதான் அர்த்தம். ஆளில்லாத நேரத்தில் கோணி ஊசியால் உள்ளங்காலைக் குத்திப் பார்ப்பேன். ஒன்றும் தெரியாது. எனக்கும் அதே முடிவுதான்.

மனைவி வற்புறுத்திக் கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். டாக்டர் அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டு வெகுநேரம் பேசினார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன்.

"சக்கரை வியாதியாமுங்க. ரெண்டு வெரலை எடுத்துப்போட்டா காலு தப்பிச்சுக்குமாம்" என்றாள்.

"இத்தன நேரம் இதையா பேசுனீங்க?"

"வேறென்னத்தப் பேசறதுங்க?"

அவள் கண் சிவந்திருந்தது. இருவரும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். நர்ஸ் கையுறை போட்டுக்கொண்டு என் கட்டைப் பிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரருக்கும் போடுகிறாளா என்று கவனித்தேன். அவருக்குக் கட்டே இல்லை.

தினமும் காலையில் என் சிறுநீரை நீலத் திராவகத்தில் விட்டுக் காய்ச்சுவார்கள். செங்கல் நிறத்துக்கு மாறும்; மாறினால் சர்க்கரை இருக்கிறதாம். அதுவும் நாடகம்தானோ? மூன்றாம் நாள் மனைவியிடம், "உன்னுதையும் கேட்டாங்க" என்று பொய் சொல்லி வாங்கி, என் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தேன். அன்றும் சர்க்கரை என்றால் குட்டு வெளிப்பட்டுவிடும் அல்லவா?

டாக்டர் குழாயோடு வந்தார். உள்ளே நீலம் அப்படியே இருந்தது. "என்னங்க இது, ஒரே ராத்திரில சக்கரை எங்க போச்சு? இன்னைக்கு இன்சுலின் வேண்டாம்" என்று நர்ஸிடம் சொன்னார்.

அப்படியென்றால் சோதனை நிஜம்; ஊசியை நிறுத்தினால் கேடு எனக்குத்தான். "அது எம்பொண்டாட்டியுதுங்க" என்றேன்.

வார்டே சிரித்தது. மனைவி சிரிக்கவில்லை. "என்னைய நம்ப உங்களுக்கு அந்தப் பாட்டலு வேணுமாக்கு?" என்றவள் இரண்டு நாள் பேசவில்லை. விரல்களை எடுத்த அன்றுதான் கையைப் பிடித்துக்கொண்டாள்.

புண் ஆற நாலு மாதம் ஆயிற்று. வரப்பில் நடந்தால் சாய்ந்துவிடுவேன். கடலைக்காட்டைக் குத்தகைக்கு விட்டோம். எருமைகளை அவள் பார்த்துக்கொண்டாள். அது சர்க்கரை வியாதிதான் என்பதை ஊரில் சிலர் கடைசிவரை நம்பவில்லை. அவர்களிடம் எனக்குக் கோபம் வரவில்லை. நானே நம்பாதவன்தானே?

தினமும் சாயங்காலம் அவள் என் உள்ளங்காலைத் தடவிப் பார்ப்பாள். "ஒண்ணுமில்லைங்க" என்பாள். அவள் அடுப்படிக்குப் போனபின், சவரக் கண்ணாடியைத் தரையில் வைத்து நானும் ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.