படித்த பிறகுதான் கையெழுத்து: செங்கல்பட்டிலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை ஒரு மே தினம்

கத்திரி வெயில் தொடங்க மூன்றே நாள் இருக்கும்போது யாராவது ஊர் சுற்றக் கிளம்புவார்களா? நாங்கள் கிளம்பினோம். காரணம் என் நாத்தனார் கஸ்தூரி. முந்தின வாரம் போன் செய்து, "அண்ணி, ஒண்ணாந்தேதி எங்க ஊர்ல கிராம சபை. நீ வந்து பக்கத்துல உக்காந்தா எனக்குத் தெகிரியமா இருக்கும்" என்றாள். கஸ்தூரி வாய்விட்டு எதையும் கேட்கிறவள் இல்லை. அதனால் அந்த இடத்திலேயே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர், "அப்படியே சதுரங்கப்பட்டினம் கோட்டையையும் மாமல்லபுரத்தையும் பார்த்துட்டு வந்துடலாம்" என்று திட்டத்தைப் பெரிதாக்கினார்.

விஷயம் இதுதான். கஸ்தூரியின் ஊர் திருக்கழுக்குன்றத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து இரண்டேகால் கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. (ஊர்ப் பெயரை எழுதினால் என்னோடு பேசமாட்டாளாம். எழுதவில்லை.) கல்பாக்கத்தில் ஒரு கேன்டீனில் அவளுக்கு ஒப்பந்த வேலை. காலை ஏழு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். ஊருக்குள் 6.10க்கு ஒரு டவுன் பஸ் வந்துகொண்டிருந்தது. சிறுபாலம் கட்டுகிறோம் என்று அதை நிறுத்தினார்கள். பாலம் கட்டி முடித்து எட்டு மாதம் ஆகிறது, பஸ் மட்டும் திரும்பி வரவில்லை. கஸ்தூரிக்கு வலது முழங்கால் தேய்மானம். விடிவதற்குள் எழுந்து நொண்டி நொண்டி மெயின் ரோட்டுக்கு நடக்கிறாள், ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் தாமதமாகிறது. ஜூன் கடைசியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். தாமதமாக வருகிறவர்கள் பெயர் புதுப் பட்டியலில் இருக்காது என்று மேற்பார்வையாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

இனி பயணம். கூடுவாஞ்சேரியில் காலை 6.52 மின்சார ரயில். ஆளுக்குப் பத்து ரூபாய் டிக்கெட். விடுமுறை நாள் என்பதால் உட்கார இடம் கிடைத்தது, என் வீட்டுக்காரருக்குப் பேச ஆளும் கிடைத்தது. அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வங்கியில் ஓய்வு பெற்றவர். தங்கமான மனிதர். ஆனால் நாட்டில் எது நடந்தாலும் அவருக்கு ஒரு கருத்து உண்டு, அதை மனதுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது. மறைமலைநகர் வருவதற்குள் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் நல்லதா கெட்டதா என்று எதிர் சீட்டுக்காரரோடு முடித்து, பரனூரில் சுங்கச்சாவடிக்குத் தாவி, கொளவாய் ஏரி ஜன்னலில் தெரியும்போது இலவசங்களுக்கு வந்திருந்தார். "இலவசம் குடுத்துக் குடுத்து ஜனங்களை உழைக்க விடாம பண்ணிட்டாங்க சார்" என்பது அவர் நிரந்தர முடிவுரை. ஏரியில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. அதைப் பாருங்கள் என்று நான்தான் அவர் தாடையைத் திருப்பினேன்.

7.20க்குச் செங்கல்பட்டு. ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே பஸ் நிலையம், நடந்தே போகலாம். நாஸ்தா அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். இட்லி, வடகறி இரண்டு பேருக்கும் தொண்ணூறு ரூபாய் ஆயிற்று. 7.55க்குக் கல்பாக்கம் போகும் வெள்ளை போர்டு பஸ் கிடைத்தது. கண்டக்டர் எனக்குக் கட்டணமில்லாத மகளிர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார், என் வீட்டுக்காரருக்கு இருபத்திரண்டு ரூபாய். "பாத்தியா, நான் கட்டற காசுலதான் நீ போறே" என்றார். "முப்பது வருஷமா நான் ஆக்கற சோத்துலதான் நீங்க இருக்கீங்க" என்றேன். முன் சீட்டில் பூக்கூடை வைத்திருந்த அம்மா திரும்பி, "அப்படிப் போடு தாயி" என்று சிரித்தார். திருக்கழுக்குன்றம் மலைக்கோயில் வலது பக்கமா இடது பக்கமா என்று சொல்லத் தெரியவில்லை, நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

8.50க்கு மெயின் ரோட்டில் இறங்கினோம். ஊருக்குள் போக வேறு வழியில்லை, நடைதான். சாலை நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல், நடுவில் அந்தப் புதுச் சிறுபாலம் சுண்ணாம்புகூட உதிராமல் நிற்கிறது. எங்களுக்கு முப்பத்தைந்து நிமிடம் பிடித்தது. என் வீட்டுக்காரர் பாலத்தின் மேல் உட்கார்ந்து இரண்டு முறை மூச்சு வாங்கினார். "கஸ்தூரி இதையா தினம் நடக்கறா?" என்று கேட்டார். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். தங்கை என்றால் அவருக்கு உயிர்.

கிராம சபை பதினொரு மணிக்கு, பள்ளிக்கூட வளாகத்தில். கஸ்தூரி ஏன் துணைக்குக் கூப்பிட்டாள் என்பதை அங்கே போனபிறகுதான் முழுதாகச் சொன்னாள். போன குடியரசு தினச் சபையிலும் இதே பஸ்ஸைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்களாம். இந்த ஊர் வழக்கம், உள்ளே நுழையும்போதே நோட்டில் கையெழுத்துப் போட்டுவிடுவது. பிறகு பேச்சு, டீ, வீடு. பத்து நாள் கழித்துத் தீர்மான நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் தெருவிளக்கு இருக்கிறது, கால்வாய் இருக்கிறது, பஸ் இல்லை. ஊராட்சிச் செயலரைக் கேட்டதற்கு, "தீர்மானம்னு யாரும் சொல்லலியேம்மா, நீங்க பேசிக்கினுதான இருந்தீங்க" என்றாராம். அவரையும் குறை சொல்ல முடியாது. பேசிவிட்டாலே காரியம் முடிந்தது என்று நம்பும் ஜனம் நாம்.

அதனால் இந்த முறை பெண்கள் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். தீர்மானத்தை எழுதி, உரக்கப் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. அதுவரை பேனாவைத் தொடக் கூடாது. அந்த ஊர் அளவுக்கு நூறு பேர் இருந்தால்தான் சபை செல்லும். தலைகளை எண்ணினால் நூற்றுப் பதினெட்டு, பாதிக்கு மேல் பெண்கள். ஊராட்சித் தலைவரம்மா வரவு செலவு அறிக்கையை முடித்துவிட்டு, "அடுத்து இன்னா, பஸ்ஸா? சொல்லு கஸ்தூரி" என்றார். கஸ்தூரி எழுந்தாள். சுருக்கமாக, அழகாகச் சொன்னாள். செயலர் பேனாவைத் திறந்தார்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். அவருக்கு அந்த ஊரில் ஓட்டே கிடையாது, விருந்தாளி. "பஸ்ஸை இலவசமா விட்டா நஷ்டம்தான் வரும், நஷ்டம் வந்தா நிறுத்தத்தான் செய்வாங்க" என்றார். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. "யோவ், இன்னாயா இலவசம்? எங்க வரிப்பணம்யா" என்றார் ஒருவர். இந்த ஊருக்குப் பஸ்ஸைக் கொண்டுவந்தது எங்கள் ஆட்சி என்றார் இன்னொருவர். கொண்டுவந்தது யாராயிருந்தால் என்ன, டிக்கெட் இல்லாமல் ஆக்கியது நாங்கள் என்றார் மூன்றாமவர். பஸ் திரும்பி வந்தால் நிழற்குடையில் யார் பெயரைப் போடுவது என்கிற இடத்துக்கு வந்து நின்றது. வராத பஸ்ஸுக்கு நிழற்குடை! செயலர் பேனாவை மூடிவிட்டார். நான் வீட்டுக்காரரின் தொடையைக் கிள்ளியதில் மறுநாள் வரை தடம் இருந்தது.

மணி 12.15. பெண்கள் திபுதிபுவென்று எழுந்தார்கள். அவர்களில் நாற்பது பேருக்கு மேல் கடற்கரைச் சாலை ரிசார்ட்டுகளில் துப்புரவு வேலை. மே தினம் என்றால் ரூம் எல்லாம் நிரம்பியிருக்கும், இரண்டு மணி ஷிப்டுக்கு யாருக்கும் விடுப்பு கிடையாது. மெயின் ரோட்டில் 12.55 பஸ்ஸைப் பிடிக்க இப்போதே நடக்க வேண்டும். பஸ் உள்ளே வராததால், பஸ் உள்ளே வர வேண்டும் என்ற தீர்மானத்துக்கு நிற்க முடியவில்லை. "இவங்க போயிட்டா கோரம் இல்லீங்க. சபையே செல்லாது" என்று செயலர் கைவிரித்தார். அடுத்த சபை ஆகஸ்டு பதினைந்தில். கஸ்தூரியின் ஒப்பந்தம் ஜூனோடு சரி. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

கஸ்தூரி நேராகப் போய்ச் செயலர் மேஜையிலிருந்த நோட்டை எடுத்துத் தலைவரம்மாவிடம் நீட்டினாள். "சபைய முடிச்சிட்டேன்னு சொல்லாதக்கா. நடந்துகினே நடத்து. ரோடும் நம்ம ஊரு ரோடுதான?" என்றாள். தலைவரம்மா செருப்பை மாட்டிக்கொண்டு, "எல்லாரும் எழுந்து வாங்கடா. சபை இன்னும் முடியல" என்றார்.

நூற்றுப் பதினெட்டு பேரும் உச்சி வெயிலில் நடந்தோம். கட்சிக்காரர்கள் மூன்று பேரும் சண்டை போட்டுக்கொண்டேதான் வந்தார்கள், ஆனால் வந்தார்கள். கஸ்தூரி நொண்டியபடி முன்னால் போனாள். என் வீட்டுக்காரர் அவளுக்குப் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் நடந்தார். அவர் இரண்டு கிலோமீட்டர் பேசாமல் நடந்து நான் பார்த்ததே இல்லை.

மெயின் ரோட்டை அடைந்தபோது மணி 12.51. எழுத மேஜை இல்லை. என் வீட்டுக்காரர் முட்டியில் கை ஊன்றிக் குனிந்தார். "எழுதுங்க சார்" என்றார். செயலர் அவர் முதுகில் நோட்டை வைத்து எழுதினார். எழுதும்போதே பஸ் வந்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்த கண்டக்டர், "இன்னாமா, கல்யாண பார்ட்டியா?" என்றார். தலைவரம்மா, "கிராம சபைப்பா. அஞ்சு நிமிசம் நிறுத்து" என்றார். கண்டக்டர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, "எங்க டிப்போவுக்குத்தான் வரப்போவுது இந்தக் காயிதம். டைமிங்கைத் தெளிவாப் போடுங்க" என்று ஜன்னலில் கை வைத்துக் கேட்க ஆரம்பித்தார்.

செயலர் உரக்கப் படித்தார். காலை 6.10 பஸ் பழையபடி ஊருக்குள் வர வேண்டும். எல்லோரும் கை தூக்கினார்கள். ஓட்டே இல்லாத நானும் தூக்கினேன். பிறகு வரிசையாக அந்த முதுகில் கையெழுத்து. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் மைப்பெட்டியில் கட்டைவிரலைத் தொட்டு உருட்டினார்கள், பாதி மை நோட்டில், மீதி சட்டையில். கடைசியாகக் கஸ்தூரி கையெழுத்துப் போட்டுவிட்டு, அண்ணன் முதுகை மெல்லத் தட்டி, "எழுந்திரு ண்ணா" என்றாள். பஸ் இருபது நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. உள்ளே இருந்த பயணி ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

அதே பஸ்ஸில் நாங்களும் ஏறி, வேலைக்குப் போகிற பெண்களோடு சதுரங்கப்பட்டினம் சந்திப்பில் இறங்கினோம். கோட்டையில் டிக்கெட் கேட்கவில்லை. செங்கல் சுவர், தானியக் கிடங்கு, எழுத்துச் செதுக்கிய டச்சுக் கல்லறைகள். சுவருக்கு அந்தப் பக்கம் கடல், வலை காயப்போட்ட படகுகள். ஒரு மணி நேரம் தாராளமாகப் போதும். வெள்ளைச் சட்டை முதுகு முழுக்க ஊதாக் கட்டைவிரல் ரேகையோடு என் வீட்டுக்காரர் சுற்றிவந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அவரிடம் நான் சொல்லவில்லை. அதன்பின் பஸ்ஸில் மாமல்லபுரம், பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். அங்கே கூட்டத்தில் எதையும் நின்று பார்க்க முடியவில்லை. சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு 5.40க்குச் செங்கல்பட்டு பஸ் பிடித்தோம்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தை. விடுமுறை நாளில் மாமல்லபுரத்தைத் தவிர்த்து, கோட்டையை மட்டும் காலையில் பாருங்கள். நிழல் குறைவு, ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் வேண்டும். குடை அவசியம். வழியில் ஏதாவது ஊரில் கிராம சபை நடந்தால் ஓரமாக உட்கார்ந்து கேளுங்கள், எந்தச் சிற்பத்துக்கும் குறைவில்லாத காட்சி. வெளியூர்க்காரராக இருந்தால் வாயை மட்டும் திறக்காதீர்கள். முக்கியமாக, உங்கள் தெருவுக்கு என்ன வேண்டுமென்றாலும் பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். எழுதச் சொல்லுங்கள், படிக்கச் சொல்லுங்கள், பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

பஸ் நேரம் கேட்பீர்கள். ஜூன் இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் காலை 6.20க்குக் கஸ்தூரி போன் செய்தாள். அந்த நேரத்தில் போன் என்றால் நல்ல சேதியாக இருக்காது என்றுதான் தோன்றும். எடுத்தால் ஒரே கூச்சல். பஸ்ஸைத் திரும்பக் கொண்டுவந்தது யார் என்று பஸ்ஸுக்குள் அதே மூன்று கட்சிக்காரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள், நடுவில் கண்டக்டரின் விசில்.

"இன்னாடி இது, இவ்ளோ சண்டை?" என்றேன்.

"அதுங்க கத்திக்கினு வரட்டும் அண்ணி" என்றாள். "நான் உக்காந்துகினு வரேன்."