தண்ணீர் குறைவு என்று நான் அனுப்பிய பஸ்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு மாரி மழை நாள், நண்பகல் லுஹர் தொழுகை முடிந்த நேரம். புத்தளம் மாவட்டத்தின் கரையோர நகரமொன்றில், பஸ் ஸ்டாண்டில் நான் டைம் கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று சொல்வதும், முறை மாறினால் சண்டை பிடிப்பதும்தான் என் வேலை. முன்கோபக்காரன் என்று பெயரும் உண்டு. அது பொய்யில்லை.

அன்றைக்கு ஊரே தலைகீழ். பிரதான வீதியில் ஒரு பெரிய மரம் விழுந்து, கொழும்பு லொறிகளெல்லாம் ஊருக்குள் புகுந்து நெரித்துக்கொண்டு நின்றன. போன பஸ் வரவில்லை, வந்த பஸ் போக வழியில்லை. ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை. ஆளாளுக்கு என்னைத் திட்டினார்கள். நானும் விடவில்லை, திருப்பித் திட்டினேன்.

கனமூலைப் பக்கம் போகும் கிளை வீதி மட்டும் நெரிசல் இல்லாமல் கிடந்தது. அதில் ஒரு தாழ்வான மதகுப் பாலம் இருக்கிறது. மழைக் காலத்தில் தண்ணீர் அதன் மேலால் ஓடும். எங்களிடம் ஒரு வழக்கம்: முன்னுக்குப் போன பஸ் கடந்துவிட்டால், வீதி திறந்திருக்கிறது என்றுதான் கணக்கு. "முழங்காலுக்குக் கீழதான் நானா, பிரச்சின இல்ல" என்று அன்றைக்கு முன்னுக்குப் போயிருந்த பஸ்ஸின் கொண்டக்டர் போனில் சொல்லியிருந்தார். எங்கள் பக்கம் அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அது போதும்.

அடுத்த முறைக்குரிய டிரைவர் பஸ்ஸை எடுக்காமல் இறங்கி வந்தார். "நா போகல்ல. மேல குளத்துல தண்ணிய விட வான்கதவு தொறக்கப் போறதாக் கதை இரிக்கி."

"முன்னுக்குப் போனவன் எப்பிடிப் போன? பயமெண்டா முறையக் குடுத்துட்டு வீட்ட போய்ப் படு!" என்று எல்லோர் முன்னிலும் கத்தினேன்.

"பின்னால நிக்கிறவனுக்கே குடு" என்றார். அவ்வளவுதான். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ஓரமாகப் போய் நின்றார். பின்னால் நின்ற பஸ்ஸை முன்னுக்கு எடுக்கச் சொல்லி, ஆட்களை அடைத்து ஏற்றி, நானே விசில் ஊதி அனுப்பினேன். ஸ்டாண்டில் பாதிக் கூட்டம் குறைந்தது. அப்பாடா என்று ஒரு பிளேன்டி தேநீருக்குச் சொன்னேன்.

குடித்து முடிக்கவில்லை, போன் அடித்தது. நான் அனுப்பிய பஸ்ஸின் கொண்டக்டர். "நானா, தண்ணி இழுக்குது! பஸ் சரியுது, யா அல்லாஹ்!" பெண்கள் அலறும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமே இல்லை.

முன்னுக்குப் போன பஸ் மதகைக் கடந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகியிருந்தது. பஸ் இரண்டு நிமிடம் பிந்தினால் குதிக்கிற நான், தண்ணீர் முழங்காலுக்குக் கீழே என்ற அந்தக் கதை எப்போது சொன்ன கதை என்று யோசிக்கவே இல்லை. என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பறந்தவர், போக மறுத்த அதே டிரைவர்தான்.

போய்ப் பார்த்தால், பஸ் ஒரு பக்கம் சாய்ந்து, ஒற்றைத் தென்னை மரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. அந்த மரமும் இல்லாவிட்டால் நேரே கடலோரக் களப்புக்குள்தான் போயிருக்கும். ஜன்னல் வரைக்கும் தண்ணீர். கூரையெல்லாம் ஆட்கள். மீன்பிடிக்காரர்கள் இரண்டு தோணிகளைக் கயிற்றில் கட்டி, சிங்களத்திலும் தமிழிலும் கத்திக் கத்தி ஒவ்வொருவராக இறக்கினார்கள். கடைசியாக அந்த பஸ்ஸின் டிரைவரும் கரைக்கு வந்தார். ஓர் உயிரும் போகவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

அப்போது, கைக்குழந்தையோடு நனைந்து நடுங்கிக்கொண்டு ஒரு பெண் என்னிடம் வந்தார். "நீங்கதானே நானா எங்களுக்கு பஸ் போட்டுத் தந்த? இந்த மழையிலயும் தேடி வந்திரிக்கிறீங்க. அல்லாஹ் உங்களுக்கு ரஹ்மத் செய்யணும்."

பக்கத்தில் நின்ற, போக மறுத்த டிரைவரைப் பார்த்தேன். தான் தடுத்தும் நான் கேட்காததை இப்போதாவது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவர் தன் மழைக்கோட்டைக் கழற்றிக் குழந்தையைப் போர்த்துவதில் இருந்தார். என்னாலும் சொல்ல முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்தப் பெண் அன்றைக்கு என் கன்னத்தில் அறைந்திருந்தால் இதற்குள் மறந்திருப்பேன். அவர் எனக்காகக் கேட்ட துஆவைத்தான் இன்றுவரை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.