மரவட்டையின் மஞ்சள் நீர்

மழை விட்ட காட்டுப்பாதையில், விரல் பருமனுள்ள மரவட்டைகள் கூட்டங்கூட்டமாகக் குறுக்கே ஊர்ந்துகொண்டிருந்தன. நானும் என் நாத்தனாரும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தாண்டித் தாண்டி நடந்தோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாயாவில் தாப்பாவுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருவரும் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தோம். அன்று ஓய்வு நாள். மலைக்கு அந்தப் பக்கத் தோட்டத்தில் என் அக்காவுக்குப் பிள்ளை பிறந்திருந்தது, பார்க்கப் புறப்பட்டோம். நாத்தனாருக்குப் பத்தொன்பது வயது. மரத்துக்குக் காயம் படாமல் பட்டை சீவுவதில் அவளுக்கு நிகர் அவள்தான்.

சாய்ந்து கிடந்த மரத்தடியில் குனிந்து நுழைந்தபோது அவள் பிடரியில் ஒரு மரவட்டை விழுந்தது. அவள் துள்ள, நான் முந்தானையால் அதைப் பற்றி எறிந்தேன். பதற்றத்தில் அழுத்திவிட்டேன் போலும்; துணியில் மஞ்சளாக ஏதோ கசிந்து, மூக்கைத் துளைக்கும் வாடை வந்தது. சிரித்துக்கொண்டே நடந்தோம். ஏற்றத்தில் அவள் கண்ணில் தூசி விழுந்தது. "அண்ணி, என்னன்னு கொஞ்சம் பாரேன்" என்று நின்றாள். முந்தானை நுனியைத் திரித்து இமைக்குள் விட்டு எடுத்தேன். அதே முந்தானை. அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை.

துணி பட்ட கண்ணைப் பொத்திக்கொண்டாள். மூச்சை இழுத்துக்கொண்டு அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். போத்தலில் கொண்டுவந்த கோப்பியை வழியிலேயே குடித்துத் தீர்த்திருந்தோம். ஓடை ஒரு மணி நேர நடைத் தொலைவில் கீழே இருந்தது. இலைகளில் தங்கியிருந்த மழைத்துளிகளை உள்ளங்கையில் வடித்து அவள் கண்ணில் விட்டேன். அவள் கண்ணில் வழிந்த நீரில் பாதிகூட அது இல்லை. கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்தேன். ஓடையை அடைவதற்குள் இமை வீங்கி மூடிவிட்டது.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் சொட்டு மருந்து விட்டுக் கட்டுப் போட்டார். கட்டை அவிழ்த்தபோது கருவிழியில் வெண்மை படர்ந்திருந்தது. "வெளிச்சம் தெரியுது, ஆளு தெரியல" என்றாள்.

முந்தானை விஷயத்தைக் குழாயடியில் நானே அவளிடம் சொன்னேன். குடத்தை நிமிர்த்தி வைத்துவிட்டு, "தண்ணி இல்லாத எடத்துல நீ என்ன செய்வே, அண்ணி" என்றாள். மன்னித்துத்தான் சொன்னாளா, நான் சொன்னது அவளுக்கு விளங்கவே இல்லையா என்று, ஈப்போவில் மகன் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கும் இந்த வயதிலும் எனக்குத் தெரியாது. இன்னொரு முறை சொல்ல வாய் வரவில்லை.

ஒற்றைக் கண்ணுக்குப் பட்டை சீவும் உளியின் ஆழம் பிடிபடவில்லை. அவள் நிரையில் தினமும் ஏதாவதொரு மரத்தில் காயம் விழுந்தது. என் மரங்களை அவசரமாக முடித்துவிட்டு அவள் பக்கம் ஓடுவேன். போய்ச் சேர்வதற்குள் வெட்டு விழுந்திருக்கும். கங்காணி நல்ல மனிதர். அவளைப் பால்வெட்டிலேயே விடும்படி துரையிடம் இரண்டு முறை கெஞ்சிப் பார்த்தார். ஒரு விடியற்காலை, பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது, அவள் பெயரைப் புல்வெட்டும் கூட்டத்தோடு சேர்த்துக் கூப்பிட்டார். கூப்பிடும்போது அவர் எங்களைப் பார்க்கவில்லை.

அவள் இடுப்பிலிருந்த உளியை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"நீ வச்சிக்க, அண்ணி. நேத்துதான் தீட்டினேன்."

வாங்கிக்கொண்டேன். அவள் மண்வெட்டி வாங்குகிற வரிசையில் போய் நின்றாள்.