நிலையற்ற உழைப்பும் என் பயோடேட்டாவும்

சமூகவியலில் நான் முனைவர். கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். அந்தக் கௌரவம் ஏப்ரலோடு முடியும். ஜூனில் கூப்பிட்டால் மறுபடி உண்டு. எங்கள் துறையில் இப்போது எல்லோரும் விவாதிப்பது 'நிலையற்ற உழைப்பு' பற்றி. அதைக் குறித்துக் கட்டுரை எழுத, தீப்பெட்டி ஆலையில் வேலை பார்க்கும் இடைசெவல் கிராமத்து அக்கா ஒருவரைப் பேட்டி எடுக்கப் போனேன்.

"உங்க வேலை பெர்மனன்டாக்கா?" என்று கேட்டேன்.

"பதினெட்டு வருசமா அதே எடந்தான் சார். பி.எஃப். பிடிக்காவ. உங்களுக்கு?"

"எனக்குக் கெடையாதுக்கா."

"லீவுக்குச் சம்பளம்?"

"அதுவும் இல்ல."

அக்கா என்னை இரக்கத்தோடு பார்த்தார். "எங்க ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பாக்க ஆள் தேடுதாவ. நாளைக்கு பயோடேட்டா கொண்டாங்க, நான் சொல்லுதேன்."

களத்தில் ஆய்வாளர் விலகி நிற்க வேண்டும் என்று வகுப்பில் பாடம் நடத்துகிறவன் நான்தான். மறுநாள் ஷிப்ட் தொடங்குமுன்னே பயோடேட்டாவோடு ஆலை வாசலில் நின்றேன்.

அக்கா நிதானமாக வாசித்தார். "படிப்பு ரொம்பக் கெடக்கே சார். மொதலாளி பயந்துருவாரு. எம்.ஏ.வோட நிறுத்திக்கிடுங்களேன்."

ஆறு வருடம் உட்கார்ந்து எழுதி வாங்கிய பட்டத்தை, காவலாளியிடம் பேனா இரவல் வாங்கி நானே கோடு போட்டு அடித்தேன்.

வேலை பி.காம். படித்த பெண் ஒருத்திக்குப் போனது. ஜூனில் கல்லூரி என்னைக் கூப்பிட்டது. கட்டுரையும் வெளிவந்தது. நிலையற்ற உழைப்பாளி என்று அதில் அக்காவைத்தான் எழுதியிருக்கிறேன்.