துரைசாணியைத் திறந்த நாள்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு மே மாதப் பகலில், சேலையூரில் என் வீட்டுச் சமையலறையில் நடந்தது இது. அன்று எங்களுடைய இருபத்தைந்தாவது திருமண நாள். என் கணவர் இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

அவர் மறைமலை நகரில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அங்கே இயந்திரம் பொருத்த வந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர், பெருமழையில் ஹோட்டலுக்குத் திரும்ப முடியாமல் எங்கள் வீட்டில் தங்கினார். கரண்ட் இல்லை. கஞ்சியும் கருவாடும்தான் இருந்தது. மனிதர் தட்டை வழித்துச் சாப்பிட்டார். அடுத்த முறை வந்தபோது ஒரு சிவப்பு ஒயின் பாட்டிலைக் கையில் கொடுத்தார். அவர் ஊர்ப் பக்கம் ராஜாக்கள் காலத்துத் திராட்சைத் தோட்டம் ஒன்றில் செய்ததாம். எங்களுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே பாட்டிலில் அடைத்ததாம். படுக்கவைத்திருங்கள், சூடு படக்கூடாது, நல்ல நாள் பார்த்துத் திறங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நம்ம ஊர் வெயிலில் சூடு படாமல் எங்கே வைப்பது? என் கணவர் அதைத் தன் பழைய லுங்கியில் சுற்றி, ஃப்ரிட்ஜின் காய்கறிப் பெட்டியில் முருங்கைக்காய்க்குப் பக்கத்தில் படுக்கவைத்தார். துரைசாணி என்று பெயரும் வைத்தார். கரண்ட் போனால், "துரைசாணிக்கு வேர்க்கும், கதவைத் திறக்காதே" என்பார். கீரை வைக்க இடமில்லாமல் நான் திட்டுவேன். இருபத்தைந்தாவது திருமண நாளில் இரண்டு பேரும் சேர்ந்து திறப்பதாகப் பேசி வைத்திருந்தோம்.

அன்று அவருடைய அண்ணனும் அண்ணியும் வந்திருந்தார்கள். ஜெபம் முடிந்ததும் அண்ணன், நான் அத்தான் என்று கூப்பிடுபவர், ஒரு பளபளப்பான பரிசுப் பையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"அந்த பாட்டில இதுல போட்டுக் குடும்மா. எங்க எம்.டி. வீட்டுல ஃபங்ஷன். அவருக்குத்தான் இதோட அருமை தெரியும்."

"இன்னைக்கு நான் அதைத் திறக்கணும் அத்தான்."

"நீயா? புருஷன் போய் வருஷம்கூடத் திரும்பல. சர்ச்ல நாலு பேர் என்ன பேசுவாங்க?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எம்.டி. குடித்தால் கௌரவம், நான் குடித்தால் கேவலமா? எழுந்துபோய் என் கணவரின் டூல்ஸ் பெட்டியை எடுத்து வந்தேன். கார்க்கில் ஒரு ஸ்க்ரூவை முறுக்கி, குறடால் பிடித்து இழுத்தேன். பாதி வெளியே வந்தது, பாதி பொடிப்பொடியாக உள்ளே விழுந்தது. அடியில் கசடு வேறு. டீ வடிகட்டியை வைத்து ஊற்றினேன். அத்தான் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ, டீ வடிகட்டியிலயா ஊத்துற?"

இரண்டு எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றினேன். எங்கள் கல்யாணச் சீரில் வந்தவை. ஒன்றில் என் பெயர், ஒன்றில் அவர் பெயர் வெட்டியிருக்கும். என் டம்ளரை எடுத்துக்கொண்டேன். அவருடையது மேஜையிலேயே இருந்தது.

அக்கா, அதாவது அத்தானின் மனைவி, எழுந்து வந்து அந்த டம்ளரை எடுத்தார். கணவரை நிமிர்ந்து பார்த்தார்.

"என் கொழுந்தன் பங்கு இது. நான் குடிக்கிறேன். நீங்க சும்மா இருங்க."

நானும் ஒரு வாய் குடித்தேன். நாவல்பழம் தின்றதுபோல் நாக்கு இறுகியது. நன்றாக இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் இருந்திருந்தால், துரைசாணிக்குச் சர்க்கரை வியாதியா, இனிப்பே இல்லையே என்று கேட்டிருப்பார். அழுதேன். அழுதுகொண்டே கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

அத்தான் வெறும் பையோடு கிளம்பினார். அவர் சொன்னபடியே சர்ச்சில் பேசினார்கள். என்னிடம் நேரில் கேட்டவர்களிடம், ஆமாம், குடித்தேன் என்று சொன்னேன். எங்கள் வீட்டுக்கு எது நல்ல நாள் என்று அன்றிலிருந்து நான் யாரையும் கேட்பதில்லை.