மங்கலான பக்கம்

நைனா போன பிறகு அவருடைய பழைய நெகட்டிவ்களைத் துடைத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை என் தலையில் விழுந்தது. படங்கள் வேண்டும் வேண்டும் என்ற சொந்தக்காரர்கள் எல்லாம் காரியம் முடிந்ததும் பஸ் ஏறிவிட்டார்கள். ஒரு ரோலைத் தூசி தட்டிக் கறை நீக்கவே அரை நாள் போகிறது. கழுத்து விட்டுப்போகிறது.

சித்தூரில் எங்கள் சபையில் கல்யாணமோ ஞானஸ்நானமோ, படம் எடுப்பது நைனாதான். குளியலறையிலேயே ஃபிலிம் கழுவுவார். எங்கள் போர் தண்ணீர் உப்பு. காய்ந்தால் ஃபிலிமில் வெள்ளைப் பொட்டுகள் விழும். மாங்காய் லாரிகள் கிளப்பும் புழுதி வேறு. துடைக்க ஒரே விதி. பளபளக்கிற பக்கத்தில் வாயால் ஊதிப் பஞ்சால் துடைக்கலாம். மங்கலான பக்கத்தில்தான் படம் இருக்கிறது. ஈரத்தில் அதைத் தேய்த்தால் உரிந்துவிடும். இது நைனாவுக்குத் தெரியும், சித்திக்குத் தெரியும். சித்தி அம்மாவின் தங்கை. எங்களோடு இருந்தாள். ஃபிலிமைக் காயப்போட்டுத் துடைப்பது அவள் வேலை. எனக்குச் சொல்லப்பட்டது ஒன்றுதான்: தொடாதே.

எனக்கு எட்டு வயதில் சித்திக்குத் திருப்பதியிலிருந்து ஒரு வரன் வந்தது. மனைவி இறந்தவர். இரண்டு பிள்ளைகள். சித்தி நர்ஸ் படிப்புக்குப் போகிறேன் என்றாள்.

"நர்ஸா? கண்டவன் மூத்திரத்த அள்ளிக்கினு கீறத்துக்கு, அந்தப் புள்ளைங்களுக்கு கஞ்சி ஊத்து" என்றார் நைனா. அம்மா சிரித்தாள்.

மாப்பிள்ளையின் பெரியப்பா சபை வேலையாகச் சித்தூர் வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் பஸ் ஏறுமுன் பெண்ணின் படம் கையில் வேண்டும் என்றார். நைனா சித்திக்கு அம்மாவின் பட்டுப்புடவையைக் கட்டச் சொல்லி, ரோலில் மீதியிருந்த இரண்டு படத்தையும் எடுத்தார். ஞாயிறு விடிந்ததும் ஃபிலிமைக் கழுவித் தொங்கவிட்டுவிட்டு நைனாவும் அம்மாவும் ஆராதனைக்குப் போனார்கள். எனக்கு இருமல். சித்திக்குத் தலைவலி. நாங்கள் இருவரும் வீட்டில்.

சித்தி ஃபிலிமை இறக்கி மேசைமேல் விரித்தாள். பனியன் துணியை நனைத்து என்னிடம் கொடுத்தாள்.

"பாப்பா, என் மூஞ்சியெல்லாம் எவ்ளோ பொட்டு பாரு. இந்த மங்கலா கீற பக்கம் நல்லா அழுத்தித் தொடச்சிடு. உங்க நைனா சந்தோசப்படுவாரு."

"நீயே தொடைக்கலாமே சித்தி?"

"என் கையெல்லாம் மாவு."

அவள் கையில் மாவு இருந்ததாக எனக்கு நினைவில்லை. முதல்முறையாகத் தொட விட்டார்களே என்ற பெருமையில் துடைத்தேன். துணியில் கறுப்பாக வந்தது. அழுக்கு போகிறது என்று இன்னும் அழுத்தினேன்.

"எவ இதத் தொட்டது?" என்று நைனா கத்தியபோது பெல்ட்டும் கையில் வந்திருந்தது.

"சித்திதான் தொடைக்கச் சொன்னா நைனா!"

"பொய் வேறயா? எந்தப் பக்கம் தொடைக்கணும்னு அவளுக்குத் தெரியாதா?"

சித்தி சமையலறை வாசலில் நின்றாள். வாயைத் திறக்கவில்லை.

பெரியப்பா வெறும் கையோடு பஸ் ஏறினார். அடுத்த வாரமே வேறு பெண்ணை நிச்சயம் செய்துவிட்டார்கள். அடுத்த வருஷம் சித்தி நர்ஸ் படிக்கப் போனாள். வேலை பார்த்து ரிட்டயரும் ஆகிவிட்டாள். அந்த ஞாயிறு பற்றி இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்கவில்லை. இந்த ஃபிலிம் துண்டு கைக்கு வரும்வரை கேட்க என்ன இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. புடவை தெளிவாக இருக்கிறது. முகம் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

அன்று சாயங்காலம் சித்தி என் தொடையில் பெல்ட் பட்ட தடிப்புகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினாள். தடவத் தடவ அழுதாள். நல்ல படம் கெட்டுப்போய்விட்டதே என்று அழுகிறாள் என நினைத்தேன்.

"இனிமே தொடமாட்டேன் சித்தி, மன்னிச்சிடு" என்றேன்.