கையெழுத்தம்மாவின் பெயர்ப்பலகை

டிசைன் நிறுவனம் நடத்தும் அவருக்கு வாடிக்கையாளர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கும் பெயர் கையெழுத்தம்மா. மாதிரித் தாளில் கையெழுத்து வாங்காமல் ஒரு விசிட்டிங் கார்டைக்கூட அச்சுக்கு அனுப்பமாட்டார். திருத்தம் மூன்று முறைதான். நாலாவது என்றால் புது ஆர்டர். பக்கத்துப் பேக்கரிக்காரர் தலைகீழாக நின்றும், தன் கடைப் பையில் அச்சாக வேண்டிய ரொட்டிப் படத்தை ஒரு நூல் அளவுகூட நகர்த்த முடியவில்லை.

அப்பேர்ப்பட்டவர் சொந்த ஆபீசுக்குப் பெயர்ப்பலகை வைக்கக் கிளம்பினார். முதலில் நீலம் அழுது வடிந்தது. திருத்தியதும் பச்சை பல்லை இளித்தது. பிறகு எழுத்து நோஞ்சானாகிவிட்டதாம்.

"இந்த எழுத்தை மட்டும் ஒரு நூல் இடப்பக்கம் தள்ளிடும்மா," என்று தன் ஆபீஸ் டிசைனர் பெண்ணிடம் குழைந்தார்.

அவள் அலமாரியிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினாள். "மூணு முடிஞ்சிடுச்சு மேடம். இது புது ஆர்டர். இங்க ஒரு கையெழுத்து."

அவரே எழுதிய படிவம்தான். இருந்ததையே அச்சுக்கு அனுப்பினார்.

பலகை மாட்டிய அன்று பேக்கரிக்காரர் அண்ணாந்து பார்த்தார். "பிரமாதம் மேடம். எழுத்தை மட்டும் ஒரு நூல் இடப்பக்கம்..."

"அதையேதாங்க நானும் தலையால தண்ணி குடிச்சு சொன்னேன்," என்றார் கையெழுத்தம்மா. "இந்த ஆபீஸ்ல யார் கேக்கறாங்க?"